வேலி இல்லாமல் கோழி

பாலோ என்ற சிற்றூரில் செம்பனைத் தோட்டத்துக்கு முதுகு காட்டி நிற்கும் கடைசி வீடு கிருஷ்ணகுமாரியுடையது. அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் கந்தப்பு இறந்த பிறகு தனியாக இருக்கிறார். வீட்டுத் தோட்டத்தில் பிராணிகளின் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. வாழைத்தாரை மூசாங் எனும் மரநாய் முடித்துவிடும், சாக்கடையோரம் உடும்பு படுத்திருக்கும், சில காலைகளில் மலைப்பாம்புச் சட்டை கிடக்கும்.

போன மாதம் ஸ்கூடாயிலிருந்து வந்த மகள் விஜிதா, நாலு கம்பத்து நாட்டுக்கோழிகளைக் கூண்டோடு காரிலிருந்து இறக்கினாள்.

"கேட்டுக்கிட்டே இருந்தீங்களே. இந்தாங்க, பேச்சுத் துணைக்கு ஆள்."

கிருஷ்ணகுமாரி சிரித்தார். கூண்டுப் பக்கத்திலேயே குந்திக்கொண்டார். விஜிதா வாழைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா நட்ட இரும்புக் கால் அப்படியே நிக்குது லா. வயர் மட்டும் இழுத்தா போதும், மூசாங் கிட்ட வராது."

தாயின் கை கூண்டை விட்டு விலகியது.

பல வருடங்களுக்கு முன் கந்தப்புவும் கோழி வளர்த்தார். மரநாய் முதல் கோழியைத் தூக்கியபோது பொறுத்துக்கொண்டார். இரண்டாவது போனதும் வீட்டு மின்சாரத்தையே வேலிக் கம்பியில் விட்டார். விடியலில் பெரணிக் கீரை பறிக்க வந்த சைபுல் அதில் கை வைத்தான். லொம்போக் தீவிலிருந்து வந்த செம்பனைத் தொழிலாளி. ஆட்கள் கூடுவதற்குள் கந்தப்பு கம்பியைச் சுருட்டிவிட்டார். நெஞ்சுவலி என்று பேச்சு முடிந்தது. பெர்மிட் இல்லாதவன் செத்தால் யார் கேட்பார்கள்? உள்ளங்கைக் கருகல் என்னவென்று கூடியவர்களில் தெரிந்திருந்தது தாதியான கிருஷ்ணகுமாரிக்கு மட்டும்தான். அவர் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அந்த மூலையில் உருவம் தெரிகிறது என்றார்கள் ஊரார். மஞ்சள் துணி கட்டி மாடம் வைத்து, டத்தோ என்ற காவல் தெய்வமாகக் கும்பிட்டார்கள். வருடா வருடம் கோழிக்கறி படைக்கிறார்கள். கோழிக்காகச் செத்தவனுக்குக் கோழிக்கறி. சாமியாக்கிவிட்டால் அதைக் கொலை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கும்பிடுகிறவர்களில் ஒருவருக்கும் அவன் பெயர் தெரியாது.

பேய் கிடையாது. கிருஷ்ணகுமாரிக்கும் அது தெரியும். ஆனாலும் பொழுது சாய்ந்தால் பின்பக்க ஜன்னலைச் சாத்திவிடுவார். கருகிய வாடை வருகிறதாம்.

"டத்தோவுக்குப் பயமாம்மா?" அந்தக் காலத்தில் விடுதியில் தங்கிப் படித்த விஜிதாவுக்கு ஒன்றும் தெரியாது. "ஒரு தேங்கா உடைச்சிடலாம்."

"அது டத்தோ இல்ல, விஜி. சைபுல். உங்கப்பா விட்ட கரண்டுல செத்தான்."

விஜிதா வாழைப் பக்கத்திலிருந்து கூண்டருகே திரும்பி வந்தாள்.

"சரி, கரண்ட் வேணாம். வலை கட்டலாம். ஒன்னு போனா போகட்டும்."

"மொத கோழிக்கு உங்கப்பாவும் அதையேதான் சொன்னாரு. நானும் சொல்லுவேன். ரெண்டாவது போனா?"

"நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்க."

"அவரு செய்வாருன்னு நான் நெனச்சேனா?"

விஜிதா கார்க் கதவைத் திறந்தாள். கிருஷ்ணகுமாரி கூண்டைத் தானே காருக்குள் தூக்கி வைத்தார். கம்பி இடுக்கில் விரல் விட்டு ஒரு கோழியின் கழுத்தை மட்டும் தடவினார்.