எந்தத் தண்ணீரில் பார்த்தேன்

மாமா என் மேசையில் வைத்த போத்தலில் தேயிலைச் சாயம் மாதிரி ஏதோ இருந்தது. கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் கலந்த மருந்தாம். ஊற்றினால் குளத்து இறாலுக்கு நோயே வராது என்று விற்க வந்தவன் சொல்லியிருக்கிறான். மாமா அம்மாவின் தம்பி. கரடியனாறு என்ற ஊரில் இருந்த வயலை வெட்டிக் குளமாக்கி நன்னீர் இறால் வளர்த்தார், வேறு பிழைப்பில்லை. மருந்தைச் சோதித்துச் சொல்லும்படி கேட்டார். நான் வாவிக்கரை ஆய்வுகூடமொன்றில் வெறும் உதவியாளன், ஆனால் பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பு.

கட்டடத்துக்குப் பின்னால் போய், கடலோடு கலக்கும் வாவியில் ஒரு வாளி மொள்வதுதான் எங்கள் பழக்கம். மாரியில் அது நல்ல தண்ணீர். அப்போதோ மழையில்லாத ஆனி மாதம், வாயில் வைக்க முடியாத உப்பு. நான் யோசிக்கவில்லை. அதிலேயே மருந்தைக் கலந்து, வாவியில் பிடித்த கூனி இறாலை விட்டேன். இரண்டு நாளும் துள்ளித் திரிந்தன. உப்பில் அந்தத் துகள்கள் ஒட்டித் திரண்டு அடியில் படிந்துவிடும், நஞ்சு அடங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பயமில்லாமல் ஊற்றும்படி தொலைபேசியில் சொன்னேன்.

குளத்து நன்னீரில் எதுவும் படியவில்லை. முதலில் குஞ்சுகள் தின்னும் பொடிப் பூச்சிகள் செத்தன. பிறகு குஞ்சுகள் துடித்துப் புரண்டன. மூன்றாம் நாள் பெரிய இறாலும் மிதந்தது.

மாமா ஆய்வுகூடத்துக்கு வந்து, என் காதைப் பொத்தி அறைந்தார். விழுந்தவனை உதைத்தார். கதிரையைத் தூக்கிக் கண்ணாடித் தொட்டிகளை அடித்து நொறுக்கினார். தண்ணீரும் கண்ணாடியும் என் மேல் கொட்டின. சட்டையைப் பிடித்துத் தூக்கிச் சுவரோடு மோதினார். பல் உடைந்து வாயெல்லாம் இரத்தம். ஒவ்வொரு மோதலுக்கும் ஒரே கேள்வி.

“எந்தத் தண்ணில பாத்த நீ?”

“வாவித் தண்ணி மாமா.”

அவர் கை நின்றது. சட்டையை விட்டுவிட்டு, உடைந்த கண்ணாடியின் மேலேயே நடந்து போனார்.

பொறுப்பதிகாரி பொலிசில் முறையிடச் சொன்னார். நான் மறுத்ததும் எல்லோரும் என்னை நல்லவன் என்றார்கள். உண்மையில் எனக்குப் பயம். பொலிஸ் வந்தால் தண்ணீரைப் பற்றியும் கேட்கும்.

போன வருடம் மாமா மகளின் கலியாணத்துக்குப் போனேன். அவர் இப்போது அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறார். பந்தலில் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

“அடிச்சது பிழை மருமகன். மனசில வைக்காத.”

அவர் கண் கலங்கியிருந்தது. ஓம் மாமா என்று சொல்லி, அந்த மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு சாப்பிடப் போய் உட்கார்ந்தேன்.