பலூனுக்கு முழுச் சவரம்

இன்று காலை என் தங்கை புருஷன் ஒரு பலூனுக்கு முழுச் சவரம் செய்து முடித்தார். பலூன் வெடிக்கவில்லை! எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அவர் சலூனுக்கு எதிரிலிருக்கும் என் பஞ்சர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

மாப்பிள்ளைக்கு முடிதிருத்தும் தொழில். புதிதாகப் பழகுகிறவர்கள் பலூனை ஊதி, நுரை தடவி, கத்தியால் வழித்துத்தான் கையைப் பழக்குவார்கள். தலை நரைத்த பிறகு அந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வைத்தது குடி.

கடை திறக்கும்போதே அவர் கை வெடவெடவென்று ஆடும். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு குடித்தால் ஆட்டம் நின்றுவிடும். ஆக, நடுக்கத்துக்கு அதுதான் மருந்து என்று தெருவே நம்பியது. "ஒரு வாய் ஊத்திட்டு வந்து வழிப்பா" என்று நாற்காலியில் உட்கார்ந்தவர்களே அனுப்பிவைப்பார்கள். அப்பேர்ப்பட்ட புத்திசாலிகள்.

பிறகு கண் மஞ்சளானது. தங்கை அழுததில் ரோஷம் வந்து ஒரேயடியாக நிறுத்தினார். இரண்டாம் நாளே வலிப்பு வந்து கடைக்குள் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்களை ஒரு பிடி பிடித்துவிட்டார். "குடிச்சா கை நிக்குதுன்னு நினைச்சீங்களா? ஆட வைக்கிறதே அதுதான். மூளை அதுக்குப் பழகிடுச்சு. திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. இங்க வந்து, மருந்தோட நிறுத்தணும். ஈரலும் வீங்கியிருக்கு. இனிமே ஒரு சொட்டுகூடக் கூடாது."

தேறி வந்தவர் கத்தியைத் தொடப் பயந்தார். "யார் கழுத்தையாவது அறுத்துட்டா?" என்றார். கத்தி இல்லையென்றால் கடை இல்லை. கடை இல்லாமல் சும்மா உட்கார்ந்தால் மறுபடி பாட்டில்தான். தங்கைதான் பலூன் பாக்கெட் வாங்கி வந்தாள். அன்றிலிருந்து தினமும் 'டப்' சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் என் கடைக்கு வந்தவர்கள் குனிந்து தங்கள் டயரைப் பார்ப்பார்கள்.

இன்று சத்தமே இல்லை. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்தான், ஆனால் ஒருத்தரும் நாற்காலிப் பக்கம் போகவில்லை. மாப்பிள்ளை கத்தியை மடக்கப் போனார். தங்கை என்னைப் பார்த்தாள்.

போய் உட்கார்ந்தேன். நுரை ஏறியது. தொண்டையில் கத்தி சில்லென்று பட்டது. ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. திடீரென்று மாப்பிள்ளை கையை எடுத்துக்கொண்டார்.

"மச்சான், ஆடாம உக்காருங்க" என்றார். "நடுங்குறது நீங்கதான்."