மூன்று கம்பெனி, ஒரு விரல்

பஸ்ஸில் ஏறினால் வாந்தி எடுக்கிற ஆளுங்க நான். நீயெல்லாம் பயணக் கட்டுரை எழுதுறியா என்று என் மகளே சிரிக்கிறாள். காப்பீட்டு ஆஸ்பத்திரிக்கு அடிபட்டவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு கார்த்திகை மாதம். நானும் மேரியும் அனுப்பர்பாளையத்துப் பனியன் கம்பெனியில் டெய்லர்கள். ஒரே தகரக்கூரைச் செட்டு, ஒரே முதலாளி. ஆனால் வாசலில் மூன்று போர்டு, உள்ளே தரையில் மஞ்சள் பெயிண்ட் கோடு. மூன்று கம்பெனி என்று காட்டினால் ஒவ்வொன்றிலும் ஆள் கணக்கு குறையும், இரண்டுக்குக் காப்பீடு கட்ட வேண்டாம். மேரிக்குக் காப்பீட்டு அட்டை இருந்தது. நான் கோட்டுக்கு அந்தப் பக்கம், எனக்கு இல்லை.

அவசர ஆர்டர் என்று சூப்பர்வைசர் மேரியைக் கோடு தாண்டி என் பக்கத்து ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்தார். மதியம் ஊசி அவள் விரலில் இறங்கி உடைந்தது.

காப்பீட்டு ஆஸ்பத்திரி இருந்த கோயமுத்தூர் ஐம்பது கிலோமீட்டர், பஸ் டிக்கெட் எட்டு ரூபாய். நான் அவிநாசியிலேயே பிளாஸ்டிக் கவரைப் பிரித்துவிட்டேன்.

"ஏனுங்கக்கா, அடிபட்டது எனக்கா உங்களுக்கா?" என்றாள் மேரி.

ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல மாட்டேன். ஊசியை எடுத்துத் தையல் போட்டார்கள், காசு வாங்கவில்லை. இரண்டு மாதம் மெஷினைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். அதுவரை சம்பளத்துக்குப் பதில் காப்பீட்டுப் பணம் வரும். வேலையில்தான் அடிபட்டது என்று கம்பெனி எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். மேரி வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் நின்றோம்.

"அது நம்ம கம்பெனி மெஷின் இல்லயேம்மா. நீ எதுக்குக் கோடு தாண்டுன?"

"நீங்கதானுங்க போகச் சொன்னீங்க," என்றாள் மேரி.

நான் விடவில்லை. "ஏனுங்க, இந்தப் பக்கத்து முதலாளிக்கும் அந்தப் பக்கத்து முதலாளிக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்களா? ஒரே வேட்டியத்தானுங்க கட்டியிருக்காரு."

"நீ சும்மா இரு. உனக்கு அட்டையே இல்ல."

எழுதித் தரவேயில்லை. மேரி மூன்றாம் நாளே கட்டுப் போட்ட விரலோடு மெஷினில் உட்கார்ந்தாள். அந்த விரல் இன்றைக்கும் மடங்காது. ஆஸ்பத்திரி கட்டி, டாக்டரும் மருந்தும் வைத்த அரசாங்கத்தால் ஒரு மஞ்சள் கோட்டைத் தாண்ட முடியவில்லை. எல்லாருக்கும் வைத்தியம் என்று மேடையில் பேசுகிறவர்கள் எங்கள் செட்டுக்குள் எந்தப் பக்கம் நிற்பார்களாம்?

போகிறவர்களுக்கு ஒன்று. ரத்தம் காய்வதற்குள் கம்பெனியில் எழுதி வாங்கிவிடுங்கள். பஸ் அப்புறம் பிடிக்கலாம்.

அன்றைக்கு எழுதிக் கேட்டு நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே, அதிகாரி யாராவது வந்தால் மேரிக்கு அடிபட்ட மெஷின் கோட்டோரம் இருக்கக் கூடாது என்று மூலையில் இருந்த மூன்றாவது கம்பெனிக்கு அதை இழுக்கச் சொன்னார் சூப்பர்வைசர். பிளக்கைப் பிடுங்க மறந்துவிட்டார்கள். ஒயர் அறுந்து ஃபியூஸ் போனது. மூன்று கம்பெனியிலும் லைட் அணைந்தது.