ஏளா

மனைவி இறந்த பிறகும் வேதமாணிக்கத்தின் வீட்டு மோரியில், தண்ணீர் புழங்குகிற மூலையில், பாத்திரம் கழுவுகிற சத்தம் நிற்கவில்லை. பொழுது சாயும் நேரம், தாராவியின் அத்தனை இரைச்சலையும் தாண்டி, சட்டியில் வளையல் உரசுவது அவர் காதுக்கு மட்டும் கேட்கும். "ஏளா" என்று கூப்பிடுவார். சத்தம் ஓயாது, பதிலும் வராது. உயிரோடு இருந்தவரை அந்த ஒரு சொல்லுக்கு "இந்தா வாரேன்" என்று ஓடி வந்தவள். சத்தத்துக்கு அவர் பயப்படவில்லை. பதில் வராததற்குத்தான் பயந்தார்.

நல்ல மனிதர்தான், பாவம். நாசரேத் பக்கமிருந்து வந்து, தோல் பை தைத்து, மகளைப் பாண்டுப்பில் கட்டிக்கொடுத்தவர். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. சபையில் காணிக்கைப் பை பிடிக்கிற மரியாதைக்காரர். பெண்டாட்டியின் பெயரை வாயால் சொன்னதில்லை, அவ்வளவுதானே! எந்த ஆம்பளை சொன்னான்? எல்லார் வீட்டிலும் பெண்டாட்டி என்றால் "ஏளா"தான்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாரும் கிளம்பக் கூடாது என்று சபைப் போதகரான ஐயர் அறிவித்தார். டீயும் பன்னும் உண்டு. சபையில் ஆணும் பெண்ணும் சமமா என்று எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும். பேச்சை நடத்தியது ஐயரின் மனைவி. பெண்களுக்கு மட்டும் ஏன் பாய், ஆண்களுக்கு ஏன் பெஞ்சு என்றுதான் ஆரம்பித்தார். வழக்கம் என்றார்கள் பெரியவர்கள்.

"நான் இங்க வந்ததிலேருந்து எல்லாருக்கும் ஐயரம்மாதான். எம் பேரு ஹெலன். ஒவ்வொருத்தரா எந்திரிச்சு உங்க சம்சாரம் பேரைச் சொல்லுங்க, பாப்போம்."

பெஞ்சுகள் நெளிந்தன. ஒருவர் "வீட்ல" என்றார். இன்னொருவர் மூத்த பையன் பெயரைச் சொல்லி, அவன் மம்மி என்றார். இளவட்டங்கள் ஹிந்தியில் கிண்டலடித்தார்கள். பெண்கள் முக்காட்டால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் வயிற்றெரிச்சலும் இருந்தது.

வேதமாணிக்கம் சிரிக்கவில்லை. அவருக்குச் சட்டென்று ஒன்று பிடிபட்டது. கோபித்துக்கொண்டுதான் அவள் பதில் சொல்லாமல் இருக்கிறாள். ஒரே ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடுவாள். முறை வந்ததும் எழுந்தார். பெயர் நெஞ்சில் இருந்தது. நாக்குக்குத்தான் பழக்கமில்லை.

"ஏளா" என்றார்.

பாயில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது, கிழவி முதல் புதுப்பெண் வரை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எல்லாருக்கும் நினைப்பு. தூணோரம் அவள் உட்கார்கிற இடம் மட்டும் காலியாகக் கிடந்தது.

அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, திணறித் திணறிச் சொன்னார். "தங்கபுஷ்பம்."

யாரும் திரும்பவில்லை. அவளோடு ஒரே பாயில் உட்கார்ந்து பாடின பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது யாரு?" என்று ஒருத்தி பக்கத்தில் கேட்டது அவர் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து காத்திருந்தார். வெயில் தாழ்ந்ததும் வளையல் உரசத் தொடங்கியது. மோரிப் பக்கம் திரும்பி, இந்தத் தடவை திக்காமல் கூப்பிட்டார். "தங்கபுஷ்பம்."

சத்தம் நின்றது. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒதுங்கிப் போவது போல நின்றது. பதறிப்போய் "ஏளா, ஏளா" என்று அழுதுகொண்டே மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தார். அன்றைக்கும் மறுநாளும் அதற்குப் பிறகும் மோரியில் ஒரு சத்தமும் இல்லை.