எமிலியானோவுக்குப் பிறகு லாய்ட்

ஆழ்வார்பேட்டையில் ஒரு மெஸ்ஸுக்கு மேலே இருந்தது ஃப்ளோரா அக்காவின் ஜாப் டைப்பிங் கடை. பதினெட்டு வயதில் தட்டத் தொடங்கியவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு. மற்ற கடைகளில் எழுத்தைப் பார்த்து அடிப்பார்கள். அக்கா படித்துக்கொண்டே அடிப்பார். அதனால் வெறிநாய்க்கடி ஊசி முதல் சோழர் கால வரி வரை அவருக்குத் தெரியும்.

1994 ஏப்ரலில் என் எம்.ஏ. ஆய்வேட்டை அவரிடம் கொடுத்திருந்தேன். தலைப்பு மெக்சிகோ புரட்சி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்த நாடு எங்கே இருக்கிறது என்று கேட்க அப்பாவுக்குக் கூச்சம், சொல்ல எனக்குக் கூச்சம். திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை போனேன், டைப்ரைட்டருக்கு உறை போட்டிருந்தது.

"இன்னா தம்பி எழுதி வச்சிகீறே? மூணாவது சாப்டர்ல குடியானவங்க தலைவரு எமிலியானோ சபாட்டாவோட ஆளுங்க தொப்பில மாதா படத்த வச்சிக்கினு நெலத்துக்கு சண்ட போடறாங்க. நாலாவதுல புரட்சி கவர்மென்ட்டே கோயில மூடுது, சாமியாருங்கள சுடுது. இதுல எவன் புரட்சிக்காரன்?"

"ரெண்டு பேரும்தான்க்கா."

"அப்ப சபாட்டாவ ஏமாத்தி சுட்டது?"

"அதுவும் புரட்சி கவர்மென்ட்தான்."

"நல்லா கீது நைனா உன் புரட்சி!"

முடிவுரையில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: மதப்பற்று புரட்சியைப் பின்னுக்கு இழுத்தது. மயிலாப்பூரில் நாங்கள் கூடும் வாசகர் வட்டத்தில் யாரோ சொன்னது. எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். அக்கா அதைத்தான் அடிக்காமல் நிறுத்தியிருந்தார்.

"எங்க வூட்டுக்காரரும் இதத்தான் சொல்வாரு."

கணவர் லாய்ட் ஒரு மில்லில் யூனியன் தலைவர். மாதா கோயில் வாசலை மிதித்ததில்லை. இறந்தவர் பெயரைக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் கொடுத்தால் சாமியார் பூசைக்கு முன் அதைப் படிப்பார். "எம்பேர படிச்சே, எழுந்து வந்து கேப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் லாய்ட் இறந்தார். எட்டு வருடமாக அக்கா அவருடைய நினைவு நாளில் அலுவலகம் வரை போய், மாமியார் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"மாதாவ தலைல வச்சிக்கினே புரட்சி பண்ணலாம்னா, இவரு பேர படிச்சா தப்பா தம்பி?"

சபாட்டாவின் ஆட்கள் மாதாவை விரும்பி வைத்துக்கொண்டார்கள். லாய்ட் வேண்டாம் என்றவர். அப்படித்தான் தோன்றியது. அக்காவின் முகத்தைப் பார்த்தால் அதுவும் சரியாகப் படவில்லை. "தெரியலக்கா" என்றேன்.

"சபாட்டா செத்த நாள் பத்தாந்தேதின்னு நீதான எழுதிகீறே. ஞாயித்திக்கெழம வருது. லஸ் கோயிலுக்கு வா, டைப் பண்ண பேப்பர் கட்ட அங்க தரேன்."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இளம் சாமியார் அக்கா எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துத் தடுமாறினார். "எமிலியானோ... சபாட்டா." ஒரு இருமல். "லாய்ட்." அக்கா திரும்பி வாசலைப் பார்த்தார். பூசை முடிவதற்குள் இன்னும் இரண்டு முறை பார்த்தார்.

வெளியே வந்ததும், "வரல, பாத்தியா?" என்று சிரித்தார். உடனே, "கோச்சிக்கினு இருப்பாரோ?" என்றார்.

காகிதக் கட்டை வாங்கிப் பிரித்தேன். எல்லாம் அடித்திருந்தது. முடிவுரையில் மட்டும் இரண்டு வரி வெள்ளையாக இருந்தது.

"சாயந்தரம் வரிக்கும் கட தொறந்திருக்கும். இன்னா அடிக்கணும்னு நீயே வந்து சொல்லு."

லஸ் முனையில் திருவான்மியூர் பஸ் மூன்றை விட்டுவிட்டேன். அந்த வெள்ளை வரியில் பென்சிலால் 'மதப்பற்று' என்று எழுதினேன். அடுத்த சொல் வரவில்லை. எழுதியதை அழிக்கவும் இல்லை.