நூறு ரூபாய் வெட்டுத் தீர்மானம்

சட்டசபையில் ஒரு இலாகாவுக்குப் பரிந்து பேச வேண்டுமானால், அந்த இலாகாவின் பணத்திலேயே நூறு ரூபாயை வெட்டு என்று சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் வழக்கம் அதுதான். பட்ஜெட் கூட்டத்தில் ஒரு மெம்பர் எழுந்து, இந்த மானியத்தில் நூறு ரூபாய் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருவார். அந்தச் சாக்கில் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவார். சர்க்கார் தரப்பில் ஒரு வெள்ளைக்காரர் எழுந்து, கவனிக்கிறோம் என்பார். உடனே மெம்பர் தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நூறு ரூபாயும் பிழைத்தது, பேச்சும் பேப்பரில் வந்தது.

அந்த மார்ச் மாதம் எங்கள் வீடே இந்த வழக்கத்தை நம்பித்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது.

அண்ணா ஜியாலஜி படித்தவன். கூடூர்ப் பக்கத்து மைக்கா சுரங்கங்களைச் சுற்றிப் பார்த்து, இன்னும் எங்கே தோண்டினால் கிடைக்கும் என்று சொல்வதற்குச் சர்க்கார் ஒரு குட்டித் திட்டம் வைத்திருந்தது. அதில் தற்காலிக உத்தியோகம். வருஷா வருஷம் சபை பணம் ஒதுக்கினால்தான் ஆயுசு. அப்பா இல்லை. நான் பி.ஏ. பாஸ் பண்ணிவிட்டு வேலையில்லாமல் லஸ் முனையில் டிராம்களுக்குக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். மன்னி ஏழு மாதக் கர்ப்பம். ஊரெல்லாம் பணமுடை, எல்லா இலாகாவிலும் ஆட்குறைப்பு. சபையில் யாராவது ஒரு மெம்பர் ஆதரவாகப் பேசினால் திட்டத்தை இன்னொரு வருஷம் ஓட்டிவிடலாம் என்று அண்ணாவின் மேலதிகாரியே ரகசியமாகச் சொல்லியிருந்தார்.

மெம்பருக்கு எங்கே போவது? எங்கள் தெருவிலேயே ஒருவர் இருந்தார். வக்கீல், எதிர்க்கட்சி, நல்ல குரல். ஊருக்கே மாமா. அண்ணா கூடூரில் இருந்ததால் நான்தான் நடையாய் நடந்து விஷயத்தை அவர் தலையில் ஏற்றினேன். மைக்கா என்றால் காக்காப்பொன் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

"கடைசியில வாபஸ் வாங்கிண்டுடணும், மாமா. அதுதான் முக்கியம்."

"ஏண்டா, நேத்திக்குக் காலேஜை விட்டு வந்த பயல், சட்டசபையை எனக்கே சொல்லித் தரயா?"

நான் மறுபடியும் காக்காப்பொன்னுக்கே போனேன்.

தீர்மானம் வருகிற அன்றைக்குக் கோட்டைக்குப் போய்ப் பார்வையாளர் மாடத்தில் இடம் பிடித்தேன். மாமா எழுந்து மைக்கா திட்டத்தில் நூறு ரூபாய் வெட்டச் சொன்னார். மைக்காவைப் பற்றி இங்கிலீஷில் இரண்டு நிமிஷம் சுமாராகப் பேசினார். கீழே பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. சட்டென்று மண்ணெண்ணெய்க்குத் தாவினார். ஏழை வீட்டு விளக்குக்குக்கூட வரி போடுகிற சர்க்கார், நம் பூமிக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சல்லி செலவழித்ததுண்டா என்று கேட்டார். மேஜைகள் அதிர்ந்தன. அதற்கப்புறம் மாமாவைப் பிடிக்க முடியவில்லை. மைக்கா போயே போய்விட்டது.

வெள்ளைக்காரர் எழுந்தார். சுரங்க ஆராய்ச்சியில் மெம்பருக்குள்ள அக்கறை மகிழ்ச்சி தருகிறது, திட்டத்தைத் தொடர்வது பற்றிக் கவனிக்கிறோம் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவுதானே வேண்டும்! மெம்பர் தீர்மானத்தை வாபஸ் வாங்குகிறாரா என்று சபைத் தலைவர் கேட்டார்.

மாமா எழுந்து நாலு பக்கமும் பார்த்தார். கட்சிக்காரர்கள் "வேண்டாம், வேண்டாம்" என்று கத்தினார்கள்.

"ஓட்டுக்கு விடுங்கள்" என்றார்.

நான் என்னையறியாமல் எழுந்துவிட்டேன். பின்னாலிருந்த டவாலிச் சேவகன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"இன்னா சாமி, நின்னுக்கினு கீறே? குந்து. தொரை பாத்தா என் தலை பூடும்."

"அந்த மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்ப்பா. உயிர் போற விஷயம்."

"இங்கேர்ந்தா? கத்தினா உன்னை ஸ்டேசனுக்கு இட்டுக்கினு பூடுவாங்க. கம்முனு குந்து நைனா."

ஓட்டெடுப்பு மணி அடித்தது. சர்க்கார் பக்கத்து ஆசாமிகள் பலர் டிபன் சாப்பிடப் போயிருந்தார்கள். வெட்டுத் தீர்மானம் ஜெயித்தது. சர்க்கார் தோற்றது. எதிர்க்கட்சி எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. மாடத்தில் என்னைச் சுற்றியிருந்தவர்களும் கைதட்டினார்கள். என் அண்ணாவின் வேலை போவதற்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வெட்டியது நூறே ரூபாய். கவர்னர் நினைத்திருந்தால் திருப்பிப் போட்டிருக்கலாம். யாரைக் கழிக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்குச் சபையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது, அவர்கள் ஏன் போடப்போகிறார்கள்? சபைக்கே நம்பிக்கையில்லாத திட்டம் என்று சொல்லி முழுசாக மூடிவிட்டார்கள்.

மாதக் கடைசியில் அண்ணா பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினான். முகம் கழுவக்கூட இல்லை, நேரே மாமா வீட்டுக்குப் போனான். நானும் பின்னால் ஓடினேன். கூடத்தில் மாமா ரோஜா மாலையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார், யாரோ பாராட்டுக் கூட்டம் போட்டிருந்தார்கள்.

"வாடா! பேப்பர் பாத்தயோ? சர்க்காரையே கவுத்துட்டோம்."

"பாத்தேன் மாமா. வாபஸ்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு வேலை இருந்திருக்கும்."

மாமா மாலையை ஆணியில் நேராக்கினார்.

"அத்தனை கைதட்டல்ல எப்படிடா சொல்றது? நீயா இருந்தா சொல்லியிருப்பயா?"

அண்ணா வாசலைப் பார்த்துத் திரும்பினான்.

"கவலைப்படாதே. அடுத்த கூட்டத்துல ஒரு கேள்வி போட்டுக் கிழிச்சுடறேன்."

வீட்டுக்கு வந்தோம். மன்னி வாசற்படியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏன்னா, மாமா என்ன சொன்னார்?"

"அடுத்த கூட்டத்துல கேள்வி கேக்கறாராம்."

மன்னி என்னைப் பார்த்தாள். "ஓடிப்போய் ஒண்ணும் கேக்க வேண்டாம்னு சொல்லிட்டு வா. அந்த இலாகாவுல இன்னும் நாலு பேர் பொண்டாட்டி பிள்ளையோட இருக்கா."

நான் ஓடினேன். மாமா வீட்டுக் கூடம் அதற்குள் நிரம்பிவிட்டது. வந்தவர்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து மண்ணெண்ணெய்ப் பேச்சைப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தார். சொல்ல இடம் கிடைக்கவில்லை.