என் அளவுக்கு ஒரு இரும்புச் சட்டை

"எந்தக் கோயிலுக்குங்க மேடம்?" என்றுதான் பட்டறைக்காரர் முதலில் கேட்டார்.

கவசம் என்று நான் சொன்னதும் அவர் மனதில் வந்தது அம்மனுக்குச் சாத்துகிற கவசம். அதற்கு முன் இரண்டு கோயில்களுக்குப் பித்தளைத் தகட்டில் அடித்துக் கொடுத்திருக்கிறாராம். மூலவருக்கா உற்சவருக்கா, எத்தனை அடி உயரம் என்று கேட்டுக்கொண்டே காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"சாமிக்கு இல்லீங்க, எனக்கு. அஞ்சடி ஒரு அங்குலம்" என்றேன்.

பென்சில் அப்படியே நின்றது.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. நெய்வேலியில், சுரங்கத்து ஸ்டோர்ஸில் வேலை. கன்வேயர் பெல்ட்டின் உருளைகளும் பேரிங்குகளும் என் பொறுப்பில் இருந்தன. அப்பா சர்வீஸில் இருக்கும்போதே இறந்துபோனதால் எனக்குக் கிடைத்த பர்மனென்ட் வேலை அது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். குள்ளம், அகலம். பொழுதுபோக்கு என்று ஏதாவது இருக்குமென்றால் அது கோலமாகவோ மாடித்தோட்டமாகவோ இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் நினைத்திருக்கலாம்.

அதற்கு முந்தைய வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரிக்கு வேறு வேலையாகப் போனபோது, மைதானம் ஒன்றில் ஏழெட்டுப் பேர் தலை முதல் கால்வரை இரும்பு மாட்டிக்கொண்டு, முனை மழுக்கிய வாளால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நாடகமோ சினிமாவோ அல்ல, நிஜமான அடி. ஐரோப்பாவில் ஐந்நூறு அறுநூறு வருடத்துக்கு முன் போர்வீரர்கள் அணிந்த மாதிரியே கவசம் செய்து போட்டுக்கொண்டு, இன்றைக்கு விளையாட்டாகச் சண்டை போடுகிறார்கள். புள்ளிகள் உண்டு, நடுவர் உண்டு. மதிலோரம் நின்று பார்த்ததில் இரண்டு பஸ்களை விட்டேன். யாரோ ஒருவர் தலைக்கவசத்தின் முகமூடியைத் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். வாழ்க்கையில் ஒரு முறைகூட யார்மேலும் கை ஓங்கியிராத எனக்கு, அந்தச் சிரிப்பு வேண்டும் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு போய்ச் சேர்ந்துகொண்டேன். ஆறு மாதம் மூங்கில் கம்பால் பயிற்சி. தொடை நடுங்க நடுங்கக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் குழுவிலிருந்த பழைய கவசத்தை மாட்டிவிட்டார்கள். ஆறடி ஆண்களுக்குச் செய்தது. தோள்தகடு முழங்கை வரை தொங்கியது. மார்த்தகட்டின் விளிம்பு அக்குளை அறுத்தது. பத்து நிமிடத்தில் கழற்றியபோது இரண்டு பக்கமும் ரத்தம் கட்டியிருந்தது.

பயிற்சி கொடுப்பவர் முன்னாள் ராணுவத்துக்காரர். கெட்டவர் இல்லை. "உங்க சைஸுக்கு யாரும் செய்யறதில்லம்மா. அளவு சேராத கவசத்தோட உங்கள உள்ள விட்டா எலும்பு முறியும். நீங்க வெளிய இருந்து நேரம் பாத்துக்கோங்களேன், ஒரு ஆள் தேவைப்படுது" என்றார்.

"நேரம் பாக்க நான் பஸ் ஏறி வரல சார்" என்றேன். "என் அளவுக்கு ஒண்ணு செஞ்சு எடுத்துகினு வர்றேன்."

அவர் சரி என்பதுபோலத் தலையசைத்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. அந்தக் கோபத்தோடுதான் மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் மந்தாரக்குப்பம் தாண்டி இருக்கிற அந்தப் பட்டறைக்குப் போனேன். காற்றுக் குழாய்களும் நிலக்கரி சரிகிற தொட்டிகளும் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்துகொண்டிருந்தவர். தகட்டை வளைப்பதில் அவருக்கு இணை அந்த வட்டாரத்தில் இல்லை.

ஸ்டோர்ஸில் இத்தனை வருடம் இருந்ததில் எனக்கு ஒரு லாபம். மண்ணை வெட்டியெடுக்கிற ராட்சத இயந்திரங்களின் பழைய வரைபடங்கள் ஜெர்மன் மொழியில் இருக்கும். அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைபடம் படிக்கப் பழகியிருந்தேன். நான் தேர்ந்தெடுத்த கவசமும் ஜெர்மனிக்காரர்களுடையதுதான். படங்களைப் பிரிண்ட் எடுத்து மேசைமேல் பரப்பினேன். பட்டறைக்காரர் நெடுநேரம் பார்த்தார்.

"இது நம்ம டக்ட் வேலை மாதிரிதாங்க. ஆனா உள்ள காத்துக்குப் பதிலா ஆளு" என்றார். பிறகு தயங்கி, "அளவு எடுக்கணுமேங்க..." என்று இழுத்தார்.

பின்னாலிருந்து அவர் மனைவி எழுந்து வந்தார். பட்டறையில் தகட்டை உருட்டும் மெஷினை ஓட்டுவது அவர்தான். அதற்கு முன் பத்து வருடம் ஜாக்கெட் தைத்தவர். "நீ தள்ளு. இது சட்டைதானே, நான் எடுக்கறேன்" என்றார் கணவரிடம்.

என் உடம்பை அளந்தவர்கள் எல்லோரும் ஏதாவது சொல்லியிருக்கிறார்கள். டெய்லர் கடையில் "துணி கூட வேணும்" என்பார்கள், ரெடிமேட் கடையில் உதட்டைப் பிதுக்குவார்கள். அந்தப் பெண் அளந்தார், எண்களைச் சொன்னார், கணவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். கழுத்துச் சுற்றளவு, தோளிலிருந்து முழங்கை, கை மடக்கினால் எவ்வளவு, நீட்டினால் எவ்வளவு, உட்கார்ந்தால் வயிறு எங்கே மடிகிறது. முப்பத்தேழு அளவுகள். பிறகு பண்ருட்டியிலிருந்து வந்த முந்திரி அட்டைப்பெட்டிகளை வெட்டி, என் மேல் வைத்து மடித்து, டேப் ஒட்டி, முதலில் ஒரு அட்டைக் கவசம் செய்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு பட்டறை வாசலில் நான் குனிந்து நிமிர, எதிர் டீக்கடையில் கூட்டம் சேர்ந்தது.

"பாத்துகினு போறவங்க பாக்கட்டும். கையத் தூக்குங்கக்கா" என்றார் அந்தப் பெண்.

மூன்று வாரம் கழித்து மார்த்தகடு தயார் என்று போன் வந்தது. ஆசையோடு போனேன். துணியை விலக்கிக் காட்டினார் பட்டறைக்காரர். கோயில் கவசம் செய்த கை. அம்மனுக்கு அடிப்பதுபோலவே இரண்டு மார்புகளைத் தனித்தனியாக எழுப்பி, நடுவில் அழகாகப் பள்ளம் விட்டிருந்தார். மெருகு கண்ணைப் பறித்தது.

"இது வேணாங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பொம்பளைங்களுக்குன்னு பாத்துப் பாத்து அடிச்சேன் மேடம். எத்தினி நாளு வேலை தெரியுமா?"

"வேலைல குத்தமே இல்லீங்க. ஆனா இத போட்டுகினு போனா நான் சாவேன்."

சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தோன்றியது. தகட்டை மணல்மூட்டை மேல் கட்டச் சொன்னேன். குழுவில் இரவல் வாங்கிப் பையில் வைத்திருந்த பயிற்சி வாளை எடுத்து இடது பக்கத்திலிருந்து ஓங்கி அடித்தேன். வாள் வழுக்கி நடுப்பள்ளத்துக்குப் போய் அங்கே நின்றது. வலது பக்கத்திலிருந்து அடித்தேன். அதுவும் அங்கேயே. நாலாவது அடியில் பள்ளத்தில் தகடு உள்வாங்கியது.

"அதுக்குப் பின்னால என் நெஞ்செலும்பு இருக்கும்" என்றேன். "ஆம்பளைக்கோ பொம்பளைக்கோ, முன்பக்கம் ஒரே வளைவா இருக்கணும். அப்பதான் அடி பக்கவாட்டுல வழுக்கிப் போவும்."

பட்டறைக்காரர் விரலால் அந்தக் குழியைத் தடவிக்கொண்டு நின்றார். "ஒரே வளைவுன்னா அண்டா கவுத்தாப்ல இருக்குமேங்க. பாக்க நல்லா இருக்காதே."

அவர் மனைவிதான் பதில் சொன்னார். "சாமிய யாரும் அடிக்கப் போறதில்ல. இவங்கள அடிப்பாங்க. அண்டாவே அடி."

இரண்டு மில்லிமீட்டர் தகட்டில் பட்டறைக்காரர் மறுபடி அடித்தார். முழுதாக முடிய ஏழு மாதம் ஆனது. முழங்காலுக்கு மூன்று முறை மாற்றம். கைவிரல்களுக்கு மட்டும் நாற்பதுக்கு மேல் சின்னச் சின்னத் தகடுகள். உள்ளே போடும் பஞ்சுச் சட்டையை அந்தப் பெண்ணே மெத்தை தைப்பதுபோலப் பட்டை பட்டையாகத் தைத்தார். எல்லாம் சேர்ந்து இருபத்தாறு கிலோ. முதன்முதலாக முழுவதும் மாட்டி, பட்டைகளை இழுத்துக் கட்டியபோது பாரம் எங்கே போனது என்று தேடினேன். இடுப்பும் தோளும் தொடையும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டன. எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு இத்தனை சரியாகப் பொருந்திய உடுப்பு வேறு இல்லை. பட்டறையிலிருந்து ரோடு வரை நடந்து போய்த் திரும்பினேன். லாரிக்காரர் ஒருவர் ஹாரன் அடித்தார். நான் கை தூக்கிக் காட்டினேன்.

அந்த நடையை யாரோ போனில் எடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாளில் அது எங்கள் பிளாக் முழுக்கப் போயிருந்தது. கவசத்தைக் குட்டியானை வண்டியில் கொண்டுவந்து இறக்கும்போது, மாடி வீட்டு அதிகாரி படியில் நின்றிருந்தார். எப்போதும் சிரித்த முகம். "என்னங்க, ராஜ வம்சம்னு சொல்லவே இல்லையே! உங்க பரம்பரையில யாராவது கவசம் போட்டிருக்காங்களா?" என்றார். என் பரம்பரை எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

"இல்ல சார்" என்றேன். "எங்க பரம்பரையில எல்லாரும் அடி வாங்கியிருக்காங்க. கவசந்தான் யாருகிட்டயும் இருந்ததில்ல. அதான் நான் செஞ்சுக்கினேன்."

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. வழி விட்டார். தலைக்கவசத்தை நானே தூக்கிக்கொண்டு படியேறினேன்.

தம்பியிடம் அப்படிப் பேச முடியவில்லை. அவனும் சுரங்கத்தில்தான் வேலை செய்கிறான், கான்ட்ராக்டில். அப்பாவின் வேலை எனக்கா அவனுக்கா என்று வந்தபோது அவன் பள்ளிக்கூடம்கூட முடித்திருக்கவில்லை. அம்மா எனக்கென்று முடிவெடுத்தார். அது எங்கள் இருவருக்கும் நடுவில் எப்போதும் இருக்கும். அன்று சாயந்திரம் வந்து உட்காராமலேயே பேசினான்.

"இன்னாக்கா இது? ஊருல எல்லா போன்லயும் ஓடிகினு கெடக்குது. கூட வேலை செய்யறவன்லாம் உங்கக்கா எங்கடா சண்டைக்குப் போவுதுன்னு கேக்கறான். அப்பா வேலைய உனக்குக் குடுத்தது இதுக்கா?"

"வேலைய நான் ஒழுங்கா பாக்கறனா, இல்லயா?"

"பாக்கற."

"அம்மாவ கடைசி வரைக்கும் பாத்தனா?"

அவன் வண்டிச் சாவியை விரலில் சுற்றினான்.

"அப்ப மிச்ச நேரம் என்னுதுடா. அதுல நான் இரும்பு போடுவேன், துணி போடுவேன். யாரும் கேக்கக் கூடாது."

டீ போட்டு வைத்திருந்தேன். தொடாமல் போனான். அவன் வண்டிச் சத்தம் போன பிறகு அழுதேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழுதுவிட்டு, பட்டைகளுக்கு எண்ணெய் போட்டேன்.

போட்டி மாசி மாதத்தில், ஒரு ஞாயிறு காலை. பட்டறைக்காரரும் அவர் மனைவியும் குட்டியானையில் கவசத்தோடு என்னையும் ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரிக்கு வந்தார்கள். எனக்கு எதிராக சென்னையிலிருந்து வந்த ஒரு பெண். என்னைவிட ஒரு தலை உயரம், வயது பாதிக்குக் கொஞ்சம் மேல். பயிற்சியாளர் என் கவசத்தின் ஒவ்வொரு மூட்டையும் அசைத்துப் பார்த்தார். மார்த்தகட்டைக் கைமுட்டியால் தட்டினார். "உள்ள போங்க" என்றார்.

முதல் சுற்றில் அந்தப் பெண் தோளால் முட்டி என்னைத் தள்ளிவிட்டாள். மல்லாக்க விழுந்தேன். தலைக்கவசத்தின் பிளவு வழியாக வானம் ஒரு கோடாகத் தெரிந்தது. இரும்பு போட்டவர் விழுந்தால் எழ முடியாது என்று சொல்வார்கள். பொய். ஒருக்களித்து, முழங்கால் ஊன்றி எழுந்தேன். நடுவர் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை.

இரண்டாவது சுற்றில் என் உயரம் எனக்கு உதவியது. அவள் வாள் மேலேயே போனது. நான் கீழே புகுந்து விலாவில் மூன்று அடி கொடுத்தேன். கோபத்தில் அவள் ஒன்று இறக்கினாள், நேராக நெஞ்சுக்கு. வாள் அந்த அண்டாவின் மேல் வழுக்கிப் பக்கவாட்டில் போயிற்று. சத்தம் மட்டும் உள்ளே கோயில் மணிபோல அதிர்ந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து, "ஒரு ரிவெட்டுகூட வுடல மேடம்!" என்று பட்டறைக்காரர் கத்தினார். அந்தச் சுற்று எனக்கு.

மூன்றாவது சுற்றில் மூச்சு தீர்ந்துவிட்டது. ஒரு புள்ளியில் தோற்றேன். முகமூடியைத் தூக்கியபோது சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பட்டறைக்காரரின் மனைவி பிறகு சொன்னார். சென்னைப் பெண் வந்து என் தோள்தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இத எங்க செஞ்சீங்க?" என்று கேட்டாள். நான் அவர்கள் இருவரையும் காட்டினேன். அங்கேயே ஒரு ஓரமாக வைத்து அவளுக்கு அளவு எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தம்பி ஏழெட்டு மாதம் பேசவில்லை. பிறகு தன் பெண்ணின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க மனைவியோடு வந்தான். கவசம் ஹாலில் கட்டையில் மாட்டி நின்றிருந்தது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டு, அவன் மனைவி எழுந்து போய்க் கவசத்தைச் சுற்றி வந்தாள். அதிகம் பேசாத பெண்.

"தலைக்கு மட்டும் போட்டுப் பாக்கட்டுமாக்கா?" என்றாள்.

"வா, போவலாம், இன்னும் நாலு வூடு இருக்கு" என்று தம்பி எழுந்தான்.

அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டு, இரண்டு கையாலும் தலைக்கவசத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன். முகமூடியை இறக்கினேன். கொஞ்ச நேரம் அவள் அசையாமல் நின்றாள். தம்பி மறுபடி ஏதோ சொன்னான்.

"ஒண்ணுமே கேக்கலக்கா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நல்லா இருக்குது. இரு, இன்னும் கொஞ்ச நேரம்."

தம்பி வெளியே போய் வண்டியை ஸ்டார்ட் செய்தான். நாங்கள் இரண்டு பேரும் அவசரப்படவில்லை.